‘தணல்’ பாட்டின் நடுவில் ஏன் நின்றோம்?

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால், மாம்பலத்தில் என்னோடு மின்சார ரயில் ஏறுகிறவர்கள் சிரிப்பார்கள். மெட்டல் என்ற இரைச்சல் இசையை வாசித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். என் வலது காதுக்குள் ஒரு கொசு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இனிமேல் அந்தச் சத்தத்தின் பக்கமே போகாதீர்கள் என்றார் மருத்துவர். பேஸ் கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். மாலை, பொன்னாடை எல்லாம் அந்த ஜிப் சத்தம்தான். சம்பளம் தருகிற வேலை இன்னும் இருக்கிறது. அதை நான் வேலை என்று கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

புதிதாக பேண்ட், அதாவது இசைக்குழு, தொடங்குகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் எழுதுவது அவர்களுக்கு அல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேண்டில், யாரோ எழுந்து போன நாற்காலியில் உட்காரப் போகிறீர்களே, உங்களுக்கு. அந்த நாற்காலியில் இன்னொருவரின் சூடு இருக்கும். அதை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நம் ஊர் மெட்டல் பேண்டுகளில் யாரும் சண்டை போட்டுப் பிரிவதில்லை. விசா வந்து பிரிகிறார்கள். ஒருவனுக்கு மேற்படிப்பு, ஒருவனுக்குக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆன்சைட், ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெண் வீட்டார் அவன் மேடையில் தலையை ஆட்டும் வீடியோவைப் பார்த்துவிடுவார்கள். எங்கள் ‘காளவாய்’ பேண்டில் நான் சேர்ந்தபோது நான் மூன்றாவது பேஸ் வாசிப்பாளன். கிதார் வாசித்த கௌதம் இரண்டாவது. உறுமிப் பாடும் இர்ஃபானுக்கு முன்பும் ஒருவர் பாடியிருந்தார். தொடங்கியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. ஆனாலும் பேண்ட் அதே பேண்ட், பாட்டுகள் அதே பாட்டுகள், சட்டையில் அச்சடித்த சூளைப் படமும் அதே படம். இது எப்படி முடிகிறது என்று எனக்கு அப்போதே ஒரே ஆச்சரியம்.

முடிந்ததற்குக் காரணம் ஒரு வழக்கம். எங்களில் பெரும்பாலோர் மென்பொருள் கம்பெனிகளில் இருந்தோம். அங்கே வேலையை விட்டுப் போகிறவன், அடுத்து வருகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலை முழுவதையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு கே.டி. என்று பெயர். காளவாயிலும் அதே கே.டி.தான். பாட்டுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. பழைய ஒலிப்பதிவுகளில் மின்விசிறிச் சத்தம்தான் தெளிவாகக் கேட்கும். ஆகவே போகிறவன் வாசிப்பான், வருகிறவன் பார்த்துக் கற்றுக்கொள்வான். எனக்கு முன்னால் பேஸ் வாசித்தவர், பெட்டி கட்டிவிட்டு வந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு எல்லாப் பாட்டையும் ஒப்படைத்தார்.

எங்கள் பாட்டுகளில் புகழ்பெற்றது ‘தணல்’. ‘புகழ்’ என்றால் ஓர் அரங்கில் முதல் இரண்டு வரிசை வரைக்கும். அந்தப் பாட்டு குதிரை மாதிரி ஓடும். டிரம்மரின் இரண்டு கால்களும் கிக் டிரம்மை, அதாவது தரையில் படுத்திருக்கும் அந்தப் பெரிய டிரம்மை, மாறி மாறி அடித்துத் துரத்தும். நடுவில், ஓட்டத்தின் உச்சத்தில், திடீரென்று எல்லோரும் நிற்போம். மேடையில் ஒரு சத்தமும் இருக்காது. நீங்கள் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு இர்ஃபான் ஓர் அலறல் அலறுவான், பாட்டு மறுபடி பாயும். எங்கள் ரசிகர்கள் அந்த மௌனத்தில் முஷ்டியைத் தூக்கி அசையாமல் நிற்பார்கள். புதிதாக வந்தவன் யாராவது அங்கே கைதட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவன் முறைப்பான்.

“இங்க எதுக்கு நிக்கறோம்?” என்று கே.டி. அன்றே கேட்டேன்.

“அது ஒரு கணக்கு” என்றார் பழைய பேஸ் வாசிப்பாளர். “மனசுக்குள்ள எண்ணிட்டு வா, சரியா வரும்.”

என்ன கணக்கு என்று கேட்டால் விரலை மடக்கி ஏதோ கூட்டினார். விடை இரண்டு முறையும் வேறு வேறாக வந்தது.

கௌதமிடம் கேட்டேன். மயிலாப்பூர்க்காரன், வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு வாத்தியத்தோடு பிறந்தவர்கள். இவன் மட்டும் கிதாரைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனவன். “அந்த இடத்துல கேக்கறவனுக்கு நெஞ்சே நின்னுடும்டா. நான் கண்ண மூடிண்டுடுவேன். அதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல” என்றான்.

தி. நகரில் குடும்பத்தின் மூக்குக் கண்ணாடிக் கடையில் பகல் முழுவதும் நிற்கும் இர்ஃபான் வேறு மாதிரி சொன்னான். “நீ இன்னாத்துக்கு மச்சி இதெல்லாம் நோண்டற? சாப்பாட்ல உப்பு கீதுன்னா, சாப்ட்டுட்டுப் போவியா, எந்த ஊர் உப்புன்னு கேப்பியா?”

நான் எந்த ஊர் உப்பு என்று கேட்கிற ஆள். ஆனால் அப்போது வாசிக்க வேண்டிய கச்சேரிகள் இருந்தன. சந்தேகத்தை மடித்து வைத்தேன்.

அதைப் பிரிக்க வேண்டிய நாள் வந்தது. எங்கள் டிரம்மருக்கு, காளவாயின் இரண்டாவது டிரம்மர் அவர், ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. உடனே சேர வேண்டும் என்றார்கள். கே.டி. கொடுக்க எதிரே ஆள் இல்லாமலேயே போய்விட்டார். இரண்டு வாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி விழாவில் எங்கள் நிகழ்ச்சி. இர்ஃபான் வெளிப்படையாகவே சொல்லிவிட்டான்: “இத்த வாசிக்கலன்னா நான் வுட்டுர்றேன் மச்சி. அத்தா கடைய ஃபுல்லா பாத்துக்கோன்னு ஒரு வருஷமா சொல்லிக்கினு கீறாரு. நானும் எவ்ளோ நாளு இழுக்கறது?” டிரம்மர் கிடைக்காவிட்டால் காளவாய் அணைந்தது. அது மூவருக்கும் தெரியும்.

மேற்கு மாம்பலத்தில், மூடிக் கிடந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடிதான் எங்கள் ஒத்திகை அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை, தரையில் ஒரு கம்பளம். அங்கே வரிசையாக ஆள் பார்த்தோம். ஒருவனுக்குக் கால் வேகம் போதவில்லை. ஒருவன் வேகத்தைத் தவிர வேறு எதுவும் வைத்திருக்கவில்லை. இன்னொருவன் அம்மாவோடு வந்தான். அந்த அம்மா முதல் அலறலிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பிறகு மெர்லின் வந்தாள். பட்டினப்பாக்கத்துப் பெண், பிசியோதெரபி கடைசி வருடம். சர்ச்சில் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்துப் பழகியவள். வந்தவுடன் ஸ்டூலின் உயரத்தைக் குறைத்தாள், பெடலை மிதித்துப் பார்த்தாள், “ஆரம்பிக்கலாமாண்ணா?” என்றாள். ‘தணல்’ தொடங்கியதும் என் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. இர்ஃபான் திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

அந்த இடம் வந்தது. நாங்கள் நின்றோம். அவள் நிற்கவில்லை. நேராக ஓடிப் போய்விட்டாள்.

“அங்க நிறுத்தணும்” என்றான் கௌதம்.

“சரிண்ணா.”

மறுபடி வாசித்தோம். மறுபடியும் அவள் கால்கள் அரை அடி தாண்டிப் போய்த்தான் நின்றன. மூன்றாவது முறை நின்றாள். ஆனால் பிரேக் பிடித்த பேருந்தில் எல்லோரும் முன்னால் சாய்வார்களே, அப்படி ஒரு நிறுத்தம்.

“இன்னான்னு தெரில, கால் நிக்க மாட்டேங்குது” என்றாள். “பாட்டு ஓடுன்னு சொல்லுது, நீங்க நில்லுன்றீங்க. எதுக்கு நிக்கணும்னு சொல்லுங்க, நிக்கறேன்.”

“அதெல்லாம் சொல்லிப் புரியற விஷயம் இல்ல. தெரியணும்” என்றான் கௌதம்.

“தெரிஞ்சுக்கத்தானேண்ணா கேக்கறேன்?”

இர்ஃபான் சிரிப்பை அடக்கக் கழுத்தைத் திருப்பினான். கௌதமுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் படியிறங்கிப் போன பிறகு, “கை நன்னா இருக்கு, கால் அத விட நன்னா இருக்கு. ஆனா நம்ம ஆள் இல்ல” என்றான்.

“ஒரே ஒரு இடத்துக்காகவா?” என்றேன்.

“அந்த ஒரு இடம்தான்டா நாம. மத்ததெல்லாம் எல்லா பேண்டும் வாசிக்கறதுதான்.”

இங்கே உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கௌதம் பிடிவாதக்காரன் அல்ல. ஆட்கள் எல்லாம் மாறிப் போன ஒரு குழுவில், மாறாத ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாவிட்டால், ‘நாம்’ என்று சொல்லவே முடியாது. அவன் பிடித்திருந்தது அந்த மௌனத்தை. அதனால் அவனோடு வாதம் செய்வதில் பயனில்லை என்று தெரிந்தது. அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் ஒரே வழி. உண்மையைச் சொன்னால், பேண்டைக் காப்பாற்றும் கவலை பாதி, ஆர்வம் பாதி. இல்லை, ஆர்வம் கொஞ்சம் கூடுதல்.

ஹைதராபாத்துக்குப் போன் போட்டேன். “எனக்கு கே.டி.ல நிறுத்துன்னாங்க, நிறுத்தினேன்” என்றார் இரண்டாவது டிரம்மர். “எனக்குக் குடுத்தவரு இப்ப கொட்டிவாக்கத்துல இருக்காரு. நம்பர் அனுப்பறேன்.”

முதல் டிரம்மர்! கௌதம் சேர்வதற்கு முன்பே வெளிநாடு போய்விட்டவர். திரும்பி வந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பழைய சுவரொட்டிகளில் நீளமான முடி முகத்தை மறைக்க, வெறும் மூக்கு மட்டும் தெரியும். அந்த மூக்கை வைத்துத்தான் சனிக்கிழமை காலை அவருடைய அடுக்கு மாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். முடி போயிருந்தது. மகளுக்கு சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார்.

“காளவாயா? இன்னும் இருக்கா அது?” என்றார். கண்கள் விரிந்தன. “தணல் வாசிக்கிறீங்களா?”

“அதப் பத்தித்தான் சார் கேக்க வந்தேன். நடுவுல எல்லாரும் நிக்கறோமே...”

“எங்க நிக்கறீங்க?”

“அந்த வேகமான இடத்துல. அலறலுக்கு முன்னாடி.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு மகளின் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நின்று சிரித்தார், குனிந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அந்தக் குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தது.

“யோவ், கிக் டிரம் ஓடிடும்யா!”

புரியவில்லை. அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, காலை நீட்டிக் காட்டினார். அப்போது ஒத்திகை நடந்தது அடையாறில் அவருடைய மாமா வீட்டு மாடியில். வழவழவென்று மொசைக் தரை. கிக் டிரம்மை வேகமாக மிதிக்க மிதிக்க அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். ‘தணல்’ மாதிரி ஒரு பாட்டில், பாதியில் காலுக்கு எட்டாத தூரத்துக்கே போய்விடும்.

“அப்போ நான் ‘ஏய்’னு கத்துவேன். எல்லாரும் நிறுத்துவாங்க. நான் ரெண்டு காலையும் கொக்கி மாதிரி போட்டு டிரம்ம இழுத்துக்குவேன். திரும்ப ஆரம்பிப்போம். தினமும் அதே இடத்துலதான் ஓடும், அதனால போகப் போக கத்தறதையும் விட்டுட்டேன். தானா நிப்பாங்க.”

“முன்னாடி ஒரு செங்கல் வச்சிருக்கலாமே சார்?”

“மொசைக் கீறிடும்னு அத்தை விடல.”

“கம்பளம்?”

“வாங்கணும் வாங்கணும்னு பேசிக்கிட்டே இருந்தோம்.” அவர் சிரிப்பு மெல்ல நின்றது. “ஏன்யா, இப்ப நீங்க வாசிக்கிற ரூம்ல கம்பளம் இருக்கும்ல? அங்க டிரம் ஓடாதே. இன்னுமா நிக்கறீங்க?”

“ஜனங்க கையத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க சார்.”

அவர் சைக்கிள் மணியை விரலால் இரண்டு முறை தட்டினார். “எனக்கு அடுத்து வந்தவன்கிட்ட காரணத்த சொன்னேனா, இல்லையான்னே ஞாபகம் இல்ல. ஆன்சைட் போற அவசரம். இங்க நிறுத்துன்னு மட்டும் சொல்லியிருப்பேன்” என்றார்.

திரும்பும் பேருந்தில் போனை எடுத்து எங்கள் பேண்டின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். பெரிய எழுத்தில், சிரிக்கும் முகங்களோடு. அனுப்பவில்லை. எனக்கே வியப்புதான், ஏனென்றால் சூடான செய்தியை வாயில் வைத்திருக்க முடியாத ஆள் நான். ஆனால் திருவான்மியூர் சிக்னலில் ஒன்று தோன்றியது. ஒரு பழக்கம் எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன், சரி. அது இப்போது யாருக்காவது வேண்டியிருக்கிறதா என்று பார்த்தேனா? அது தனிக் கேள்வி அல்லவா?

அடித்ததை அழித்தேன்.

மறுநாள் டிரம்மர் இல்லாமல், கணினியில் போட்ட தாளத்தோடு மூவரும் ஒத்திகை பார்த்தோம். அந்த இடம் வந்தபோது நான் என் கையைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்த்தேன். கௌதம் கண்ணை மூடியிருந்தான். இர்ஃபான் மைக்கிலிருந்து திரும்பி, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, தண்ணீருக்குள் குதிக்கப் போகிறவன் போல மூச்சை இழுத்தான். இத்தனை நாள் அவனுக்கு ஓரடி தள்ளி நின்றிருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை.

“இன்னொரு தடவ. இந்தவாட்டி நிறுத்தாம போலாம், சும்மா” என்றேன்.

“எதுக்கு?” என்றான் கௌதம்.

“சும்மாடா.”

போனோம். இர்ஃபானின் அலறல் பாதியில் கிழிந்தது. இருமிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். “டேய், சாவடிக்கிறியா? அங்க மூச்சு வுடலன்னா எனக்கு மேல போவாதுடா!”

ஆக, டிரம்முக்காகப் பிறந்த மௌனம் டிரம்மை விட்டு எப்போதோ போய்விட்டது. இப்போது அது இர்ஃபானின் நெஞ்சுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஓர் ஆள் போனதும் அவன் வேலையை இன்னொருவன் எடுத்துக்கொள்வது போல.

அன்று மாலையே மெர்லினை வரச் சொன்னேன். அவளைப் பார்த்ததும் கௌதம், “நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?” என்றான். அவள் காதிலும் விழுந்தது. படியிலேயே நின்றுவிட்டாள். நான் வேகமாகக் கொட்டிவாக்கத்துக் கதையைச் சொல்லி முடித்தேன், மொசைக் தரை, அத்தை, கொக்கிக் கால், அன்று இர்ஃபான் மூச்சில்லாமல் உட்கார்ந்தது எல்லாவற்றையும்.

இர்ஃபான் மெத்தையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். “வழுக்கற டிரம்முக்கா நைனா இத்தினி பேரு கையத் தூக்கிக்கினு நின்னானுங்க!”

மெர்லின் சிரிக்கவில்லை. அவள் கௌதமைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கௌதம் கிதாரின் ஒரு கம்பியைத் தளர்த்தி, முறுக்கி, தளர்த்திக்கொண்டிருந்தான்.

“அவர் பொய் சொல்லியிருக்கலாம்” என்றான் கடைசியில்.

“எதுக்குடா சொல்லணும்?”

“தெரியல.” கம்பியை விட்டான். “எனக்கு அந்த எடத்துல நெஜமாவே ஏதோ நடக்கும். அது பொய்யாடா?”

மெர்லின் படியிலிருந்து ஓரடி உள்ளே வந்தாள். “அது இன்னாத்துக்கு பொய்யாவும்? எங்க சர்ச்சுல ஒரு பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிப்போம். ஏன்னு யாருக்கும் தெரியாது. நின்னா எனக்கும் சிலிர்க்கும்” என்றாள். பிறகு இர்ஃபானைக் கைகாட்டினாள். “மூச்சு அவருக்குத்தானேண்ணா வேணும்? நீங்க மூணு பேரும் நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்கல, நான் போய்க்கினே இருக்கேன்.”

“அப்பறம் மௌனம் எங்க இருக்கும்?” என்றான் கௌதம்.

“இருக்காது.”

நிகழ்ச்சிக்கு நாள் நெருங்கிவிட்டது, வேறு ஆளும் இல்லை. “இந்த ஒரு ப்ரோக்ராம் வாசி. நிறுத்தித்தான் வாசிக்கணும். அப்பறம் பாக்கலாம்” என்றான் கௌதம். மெர்லின் பதிலுக்கு ஸ்டூலின் உயரத்தைக் குறைத்தாள். அடுத்த நாட்களில் ஒத்திகையில் நின்றாள். ஒவ்வொரு முறையும் அதே பேருந்து பிரேக்.

கல்லூரி விழாக்களில் மெட்டலுக்கு எப்போதும் மதிய வெயில்தான் ஒதுக்குவார்கள். சாயங்காலம் சினிமாப் பாட்டுக்காரர்களுக்கு. திறந்த மேடை, கொதிக்கும் பலகை, எதிரே நிழல் தேடி ஒதுங்கிய மாணவர்கள். ஆனால் எங்கள் பழைய ஆட்கள் சிலர் வெயிலிலேயே முன்னால் நின்றார்கள். கடைசிப் பாட்டாக ‘தணல்’ தொடங்கினோம்.

அந்த இடம் நெருங்கியது. முன்வரிசை முஷ்டிகள் உயர்ந்தன. கௌதம் கம்பிகளைப் பொத்தி நின்றான். மெர்லினின் கால்கள் நிற்கவில்லை.

பேஸ் வாசிக்கிறவர்களே, இந்த நொடி உங்களுக்கும் ஒரு நாள் வரும். டிரம்ஸ் ஒரு பக்கம் போகும், கிதார் இன்னொரு பக்கம் நிற்கும், நீங்கள் நடுவில். டிரம்மோடு போவதுதான் நம் இயல்பு. நம் விரல் அவர்கள் காலோடு கட்டப்பட்டது. ஆனால் நானும் அவளோடு போனால் கௌதம் மட்டும் தனியாக நிற்பான், வாசிக்க மறந்தவன் போல. அது அவனை எல்லோர் முன்னாலும் தப்பாக்கிவிடும். அவளை வெறித்துப் பார்த்து நிறுத்த வைத்தால், தப்பு அவளுடையதாகிவிடும். இருவரும் சரி என்று ஆக வேண்டுமென்றால் எனக்கு ஒரே இடம்தான் இருந்தது. உள்ளங்கையால் நான்கு கம்பிகளையும் அழுத்தி நின்றேன். இப்போது இரண்டு பேர் அசையாமல் நிற்க, டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடியது. பார்த்தவர்களுக்கு அது திட்டமிட்டது போலவே இருந்திருக்கும்.

முழங்காலில் கை ஊன்றியிருந்த இர்ஃபான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். வழக்கமான இடத்தில் அவன் நிமிரவில்லை. மௌனமாக இருந்திருந்தால் அதற்கு மேல் தாமதிக்க முடியாது, கூட்டம் கலைந்துவிடும். டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்ததால் அவனுக்கு அவசரமில்லை. இன்னொரு மூச்சு இழுத்தான், நிதானமாக. தூக்கிய முஷ்டிகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆடின. பிறகு ஒன்று, அப்புறம் இன்னொன்று, அவள் கால்களின் வேகத்துக்குக் காற்றைக் குத்தத் தொடங்கின. இர்ஃபான் நிமிர்ந்தான். அந்த அலறலை அவன் அதற்கு முன் எங்கேயும் அலறியதில்லை. நிழலில் இருந்த மாணவர்கள் எழுந்து வெயிலுக்கு வந்தார்கள்.

நான் கௌதமைப் பார்த்தேன். அவன் கண் திறந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்து, கல்லூரி வாசலில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். இர்ஃபானும் நானும் டீயை ஊதிக்கொண்டிருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். மெர்லின் குச்சிகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றே குடித்தாள்.

“சரிண்ணா, நான் கெளம்பறேன். கிளினிக்குல ட்யூட்டி கீது” என்றாள். கௌதமை நேராகப் பார்த்தாள். “நிறுத்தத்தான் பாத்தேன். நிக்கல. ஸாரின்னு சொன்னா அது பொய்யாப் பூடும்.”

கௌதம் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

“ரெண்டாவது பாட்டுல” என்றான் திடீரென்று, “என் சோலோ நடுவுல, கீழேர்ந்து படக்குனு மேல தாவறேனே. அது உனக்கு எப்படிக் கேக்கறது?”

அவள் யோசித்தாள். “நெஜமா சொல்லணுமா?”

“சொல்லு.”

“கால் தடுக்கி வுழுந்துட்டு, வுழலியேன்னு எழுந்து நடக்கற மாதிரி.”

இர்ஃபானுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. நான் அவன் முதுகில் தட்டினேன். கௌதம் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

“எனக்கும் அப்படித்தான் கேக்கறது” என்றான். “வந்த நாள்லேர்ந்து. ஆனா எனக்குக் கத்துக்குடுத்தவன் அப்படித்தான் வாசிச்சான். அதுல ஏதோ இருக்கும்னு நானும் அப்படியே வாசிச்சுண்டிருக்கேன்.”

“ஏன்னு நீங்க கேக்கலியா?”

“கேக்கத் தோணல.”

“இப்போ கேளுங்க.”

“அவன் அமெரிக்கால இருக்கான். அங்க இன்னும் விடியவே இல்ல, தூங்கிண்டிருப்பான்.”

மெர்லின் தோளிலிருந்து பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னாள். பிறகு கௌதமின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த போனைக் கண்ணால் காட்டினாள்.

“எழுப்புங்க.”